கால் எரிவுக்கு ஊசியா, குளிசையா, எண்ணெயா?

மாமிக்கு 61 வயது. சீனி வருத்தம் வந்து 14 வருடம். இரவு எல்லோரும் படுத்த பிறகு அவர் மட்டும் எழும்பிக் குசினிக்குப் போய், பாதம் இரண்டையும் வெறும் சீமெந்துத் தரையில் அழுத்தி வைத்துக்கொண்டு கதிரையில் இருப்பார். அப்போதுதான் எரிவு கொஞ்சம் அடங்குமாம். கேட்டால், "தணலில கால வச்ச மாதிரி, இடைக்கிட கரண்ட் அடிக்கிற மாதிரி" என்பார். போர்வை பட்டாலும் ஆகாது. ஒரு வருடமாக இதுதான் நடக்கிறது, ஆனால் போன மாதம்தான் வீட்டில் பெரிய கூட்டமே போட்டோம், ஏனென்றால் இங்கே திருகோணமலையில், உப்புவெளியில் இருக்கிற அவருடைய சிநேகிதிக்கு அக்குபங்சர் ஊசி குத்தி முழங்கால் நோவு போய்விட்டதாம், தானும் போகத்தான் வேண்டும் என்று மாமி ஒரே பிடியாக நிற்கிறார். மச்சான் சொல்வது, கிளினிக்கில் தந்த குளிசையை முதலில் ஒழுங்காகப் போடுங்கள் என்று. பெரியப்பாவுக்கு இரண்டிலும் நம்பிக்கை இல்லை, எண்ணெய் பூசி ஒத்தடம் கொடுத்தால் நரம்பு இளகிவிடும் என்கிறார்.

நான் வைத்தியர் இல்லை. கிளினிக் வாங்கில் மாமிக்குப் பக்கத்தில் மணிக்கணக்காக இருந்த பழக்கமும், இதைப்பற்றி வாசித்த கொஞ்சமும்தான் என் கையில் இருக்கிறது. அதை வைத்து நான் வந்து சேர்ந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஊசி வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் அதன் இடம் மூன்றாவது, இரத்தப் பரிசோதனைக்கும் குளிசைக்கும் பிறகுதான். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சிநேகிதியின் முழங்காலும் மாமியின் பாதமும் ஒரே சாமான் இல்லை, முதலில் இது விளங்க வேண்டும். முழங்கால் தேய்ந்தால் அங்கே உண்மையாகவே ஒரு பழுது இருக்கிறது, நரம்பு அந்தச் செய்தியை மூளைக்குக் கொண்டுபோகிறது, அவ்வளவுதான். மாமிக்குப் பாதத்தில் புண்ணுமில்லை வீக்கமுமில்லை. செய்தி கொண்டுபோகிற நரம்பே சீனியால் பழுதாகிவிட்டது. கடற்காற்றில் உக்கிப்போன வயர் மாதிரி, வாசலில் ஒருவரும் அழுத்தாமலே மணி அடித்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் பனடோல் போட்டும் ஒன்றும் நடக்கவில்லை. டைக்ளோபினாக் மாதிரியான நோக் குளிசைகளும் இந்த வகை வலிக்குச் சரிவராது, அதோடு சீனி வருத்தக்காரரின் சிறுநீரகத்தையும் பதம் பார்த்துவிடும். மாமி அதையும் கொஞ்சக் காலம் யாருக்கும் சொல்லாமல் வாங்கிப் போட்டிருக்கிறார், பிறகுதான் தெரிந்தது.

இனி ஊசிக்கு வருவோம். அக்குபங்சருக்கு ஆதாரமே இல்லை என்று சிலர் ஒரே வெட்டாக வெட்டுவார்கள், அது சரியில்லை. 2018இல் 39 ஆய்வுகளில் பங்குபற்றிய 20,827 பேரின் தரவுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஒரு பெரிய பகுப்பாய்வு வந்தது. முதுகு, கழுத்து, தோள்மூட்டு நோவு, மூட்டுத் தேய்வு, நாள்பட்ட தலையிடி ஆகியவற்றுக்கு ஊசியால் பலன் உண்டு என்றுதான் அது சொன்னது, ஒரு வருடம் போன பிறகும் அந்தப் பலனில் பெரும்பகுதி நின்றதாம். ஆகவே உப்புவெளி அன்ரி பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பட்டியலை இன்னொரு தடவை பாருங்கள், பழுதான நரம்பு அதில் இல்லை. நரம்பு வலிக்கென்று தனியாகப் பார்த்தது, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடுகிற கொக்ரேன் அமைப்பின் 2017ஆம் ஆண்டு மீளாய்வு. உலகம் முழுக்கத் தேடி அவர்களுக்குத் தேறியது வெறும் 6 ஆய்வுகள், 462 பேர். அதுவும் தரம் குறைந்த ஆய்வுகள். பலன் உண்டு என்று சொல்லவும் முடியாது, இல்லை என்று சொல்லவும் முடியாது, ஆதாரம் போதாது என்று முடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஜெர்மனியில் சீனி வருத்தத்தால் வந்த நரம்புப் பாதிப்புக்கு 8 வாரத்தில் 12 தடவை ஊசி போட்டுப் பார்த்தார்கள், போட்டவர்களுக்குச் சுகம் கிடைத்தது. ஆனால் யாரோடு ஒப்பிட்டார்கள்? ஊசிக்குக் காத்திருக்க வைக்கப்பட்டவர்களோடு. ஒன்றும் கிடைக்காமல் காத்திருக்கிறவரை விட, வாரத்தில் ஒன்றிரண்டு நாள் ஒருவர் அரை மணித்தியாலம் தன்னைக் கவனிக்கக் கிடைத்தவருக்கு நோ குறைந்ததாகத் தோன்றுவது பெரிய அதிசயம் இல்லை.

இதைப் பிரித்தறியத்தான் போலி ஊசி என்று ஒன்று இருக்கிறது. 1998இல் இரண்டு ஜெர்மன்காரர்கள் அதை விபரித்தார்கள். முனை மழுங்கிய ஊசி, தோலில் அழுத்தினால் உள்ளே போகாமல் தன் பிடிக்குள்ளேயே சுருங்கிவிடும், கூத்தில் குத்துகிற கத்தி மாதிரி. குத்தப்பட்டவருக்கு உண்மையிலேயே குத்தியதாகத்தான் இருக்கும். மூட்டு, முதுகு ஆய்வுகளில்கூட, ஊசி போடாதவர்களோடு ஒப்பிடும்போது தெரிகிற பெரிய வித்தியாசம் போலி ஊசியோடு ஒப்பிடும்போது நன்றாகச் சுருங்கிவிடுகிறது. முழுவதும் மறையவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஊசி உடம்பில் ஒன்றும் செய்வதில்லை என்றும் நினைக்க வேண்டாம், உடம்பே சுரக்கிற அபின் மாதிரியான பொருள்களை அது கிளப்பிவிடுகிறது என்பதை 1970களிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சிக்கல் எங்கே என்றால், அது மாமியின் பாதத்துக்குப் போதுமா என்பதில்.

இன்னொன்று இருக்கிறது, இதை நம்மூர்க்காரருக்கு விளக்குவது லேசு. வாடைக்காலத்தில் கடல் குமுறும்போது நேர்த்தி வைத்துவிட்டு, சோளகம் பிறந்ததும் கடல் அடங்கினால் நேர்த்திதான் அடக்கியது என்று நினைப்போம் இல்லையா, நோவும் அப்படித்தான். அது ஏறும், இறங்கும். ஏறி நிற்கிற கிழமையில்தான் மனுசர் புதிய வைத்தியரைத் தேடிப் போவார்கள், அடுத்த கிழமை அது தானாகவே கொஞ்சம் இறங்கும், பெயர் புதிய வைத்தியருக்கு. இது ஊசிக்கு மட்டும் இல்லை, குளிசைக்கும் எண்ணெய்க்கும் அதே கதைதான். ஆகவே அயலாரின் அனுபவத்தை நான் ஒதுக்கவில்லை, ஆனால் அதை வைத்து மட்டும் காசு செலவழிக்கமாட்டேன்.

குளிசையைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எங்கள் வீட்டுப் பிழை முழுக்க அங்கேதான். மாமிக்கு எழுதிக் கொடுத்தது அமிட்ரிப்டிலின், இரவுக்கு 10 மில்லிகிராம். பெட்டிக்குள் இருந்த தாளை மகள் வாசித்துவிட்டு, "அம்மா, இது மனச்சோர்வுக்குப் போடுற குளிசை" என்று சொல்ல, எனக்கென்ன விசரா என்று மாமி கேட்க, அதோடு வாயும் காய்ந்து காலையில் தூக்கக் கலக்கமும் இருக்க, ஐந்தாம் நாள் குளிசை அலுமாரிக்குள் போய்விட்டது. இப்போது யார் கேட்டாலும் "குளிசை எனக்குக் கேக்கல" என்கிறார். எப்படிக் கேட்கும்? இது பழைய மனச்சோர்வுக் குளிசைதான், மறைக்க ஒன்றுமில்லை, ஆனால் மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிடக் குறைந்த அளவில் நரம்பு வலிக்குக் கொடுப்பது பல பத்து வருடப் பழக்கம். 10 மில்லிகிராம் என்பது வாசற்படி மட்டும்தான். தாங்கிக்கொள்ள முடிகிறதா என்று பார்த்துப் பார்த்து வைத்தியர் படிப்படியாக ஏற்றுவார், 75 வரையும் போவதுண்டு, சரியான அளவுக்கு வந்த பிறகும் சில கிழமை பொறுத்துத்தான் பலனை அளக்க வேண்டும். ஐந்து நாளில் தீர்ப்புச் சொன்னால் அந்தக் குளிசையை நாம் சோதிக்கவே இல்லை என்றுதான் அர்த்தம்.

சரி, ஒழுங்காகப் போட்டால் எவ்வளவு கிடைக்கும்? இங்கேயும் அற்புதம் ஒன்றும் இல்லை. 2015இல் வந்த பெரிய மீளாய்வின் கணக்குப்படி, அமிட்ரிப்டிலின் வகைக் குளிசையை ஏறக்குறைய 4 பேருக்குக் கொடுத்தால், வெற்றுக் குளிசையால் கிடைப்பதற்கு மேலாக ஒருவருக்கு வலி பாதியாகக் குறையும். நரம்பு வலிக்குக் கொடுக்கிற மற்றக் குளிசைகளில் கபபென்டின், பிரிகாபலின் என்றால் 7, 8 பேருக்கு ஒருவர். டுலொக்செடின் இரண்டுக்கும் நடுவில். 2022இல் இங்கிலாந்தில் சீனி வருத்தக்காரர் 130 பேரை வைத்து அமிட்ரிப்டிலின், டுலொக்செடின், பிரிகாபலின் மூன்றையும் மோதவிட்டுப் பார்த்தார்கள். எதில் தொடங்கினாலும் முடிவு கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒன்று போதாதபோது இன்னொன்றைச் சேர்த்தால் மேலும் குறைந்தது, பத்துக்கு 6.6 ஆக இருந்த வலி 16 கிழமையில் 3.3க்கு இறங்கியது. பூச்சியம் ஆகவில்லை, பாதியாகியது. இரவில் ஐந்து மணித்தியாலம் தொடர்ந்து தூங்குவதற்கு அந்தப் பாதி போதும் என்பது மாமியைப் பார்த்தவருக்கு விளங்கும்.

பக்க விளைவும் உண்டு, மறைக்கக் கூடாது. அமிட்ரிப்டிலின் வாயைக் காய வைக்கும், மலச்சிக்கல் தரும், புரொஸ்டேட் வீங்கிய ஆம்பிளைகளுக்குச் சலம் அடைபடலாம், கண் அழுத்தமும் இதய வருத்தமும் உள்ளவர்கள் முன்கூட்டியே வைத்தியருக்குச் சொல்ல வேண்டும். கபபென்டினோ பிரிகாபலினோ போட்டால் தலைசுற்றும், கால் வீங்கும், சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். பிரிகாபலினை நம் நாட்டில் போதைக்கும் பாவிக்கிறார்கள் என்பதால் டொக்டர் எழுதிய துண்டு இல்லாமல் பாமசிக்குப் போனால் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், அது நியாயம்தான். எந்தக் குளிசையையும் நினைத்த நேரம் திடீரென்று நிறுத்துவதும் கூடாது.

குளிசைக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது, அதை நாங்கள் செய்யவே இல்லை. மாமி 14 வருடமாகச் சீனிக்கு மெட்ஃபோர்மின் என்ற குளிசை போடுகிறார். நெடுங்காலம் மெட்ஃபோர்மின் போட்டால் உடம்பில் பி12 விற்றமின் குறையலாம், பி12 குறைந்தாலும் இதே மாதிரிக் கால் விறைக்கும், எரியும். இரத்தத்தில் பார்த்துவிட்டால் போயிற்று, குறைவு என்றால் அதை நிரப்பலாம், எல்லா வழிகளிலும் இதுதான் மலிவு. பார்க்காமலே "நரம்புக்குச் சத்து" என்று விற்றமின் குளிசையை வருடக்கணக்காக விழுங்குவது வேறு கதை. அதில் பி6 அளவுக்கு மிஞ்சினால் அதுவே நரம்பைக் கெடுக்கும். கடையில் கேட்டதும் எடுத்துத் தருகிற சாமானில் இப்படி ஒரு விசயம் இருப்பது எனக்கே இப்போதுதான் தெரியும்.

பெரியப்பாவின் எண்ணெயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் சித்த வைத்தியம் பட்டப்படிப்பாகவே இருக்கிற ஊர் இது, அதை ஏளனமாகப் பேச எனக்கு ஒரு காரணமும் இல்லை. எண்ணெய் பூசி மெதுவாக உருவிவிடுவது சுகமாகத்தான் இருக்கும், காய்ந்து வெடிக்கிற பாதத்துக்கு நல்லதும்கூட, விரல் இடுக்கில் மட்டும் பூசாமல் விட்டால் சரி. எனக்குப் பயம் ஒத்தடத்தில். எரிகிற பாதம் விறைத்த பாதமாகவும் இருக்கும், சூடு தெரியாது. அடுப்பில் காய்ச்சிய தண்ணீர், சூடான மண் மூட்டை, மத்தியானம் கோணேசர் கோயிலில் வெறுங்காலோடு மிதிக்கிற கருங்கல், எல்லாம் ஒன்றுதான், கொப்புளம் வந்த பிறகுதான் சுட்டதே தெரியும். கன்னியா வெந்நீர்க் கிணற்றுக்குப் போனாலும் முதலில் கையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் காலில் ஊற்ற வேண்டும் என்று மாமிக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். அப்புறம், பற்பம், செந்தூரம் என்று உலோகம், தாது சேர்ந்த சித்த மருந்துகளை உள்ளுக்குத் தந்தால் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்த ரிப்போட்டைக் காட்டாமல் வாங்க வேண்டாம்.

ஊசியிலும் இந்த விறைப்புத்தான் என் தலையாய கவலை. படித்த கை, புத்தம்புது ஊசி என்றால் அக்குபங்சர் பெரும்பாலும் ஆபத்தில்லாதது, கொஞ்சம் இரத்தம் கசியும், கண்டிப்போகும், சிலருக்கு மயக்கம் வரும். ஆனால் சீனி கூடிய பாதத்தில் ஒரு சின்னத் துளைகூட ஆறாமல் புண்ணாகலாம், அதை மாமி உணரவும் மாட்டார். ஊசியோடு மூலிகையைக் கொளுத்திச் சூடு காட்டுகிற முறையும் உண்டு, விறைத்த தோலில் அதற்கு இடமே கொடுக்கக் கூடாது. ஊசிக்குக் கரண்ட் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள், இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது. வோர்ஃபரின் மாதிரி இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை போடுகிறவர்கள் முதலே சொல்ல வேண்டும். நெஞ்சிலும் தோளிலும் ஆழமாகக் குத்தி நுரையீரலில் துளை விழுந்த சம்பவங்கள் உலகில் பதிவாகியிருக்கின்றன, அரிதுதான், ஆனால் உண்டு.

ஆகவே ஊசிக்காரரிடம் போவதென்றால் நான் பார்க்கப்போவது இவற்றைத்தான். ஒருமுறை பாவித்து வீசுகிற ஊசியை என் கண் முன்னால் பிரிக்கிறாரா. எங்கே எத்தனை வருடம் படித்தார் என்று கேட்டால் முகம் சுளிக்காமல் சொல்கிறாரா. பாதத்தில் குத்தாமல் முழங்காலுக்கு மேலேயும் கையிலும் வைத்துக்கொள்ள ஒத்துக்கொள்கிறாரா. எத்தனை தடவையில் பலன் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் நிறுத்திவிடலாமா என்பதற்கு நேரான பதில் தருகிறாரா. இவை எல்லாவற்றுக்கும் மேலே, கிளினிக் குளிசையை நிறுத்தச் சொல்கிறாரா. சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டியதுதான். தமிழ்நாட்டிலிருந்து வருகிற யூடியூப் வீடியோக்களில் ஊசியே இல்லாமல் ஒரு விரலால் தொட்டே எல்லா நோயும் போகும், இன்சுலினைத் தூக்கி எறியுங்கள் என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், மாமியின் போனிலேயே அப்படி இரண்டைப் பார்த்தேன். அதற்கும் அக்குபங்சர் என்றுதான் பெயர் போடுகிறார்கள். நம் நாட்டில் அன்ரன் ஜயசூரிய என்ற வைத்தியர் களுபோவில அரச வைத்தியசாலையிலேயே அக்குபங்சர் செய்தவர், அவர் கையிலாவது ஊசி இருந்தது.

செலவையும் பார்க்க வேண்டும். அரச கிளினிக்கில் குளிசை இலவசம், இல்லாத குளிசைக்கு மட்டும் வெளியே துண்டு தருவார்கள், போகிற நாள் ஒன்று முழுசாகப் போய்விடும். ஊசி ஒரு தடவையோடு முடிகிற காரியம் இல்லை, ஆய்வுகளிலேயே 10, 12 தடவை போட்டுத்தான் பார்க்கிறார்கள். ஊருக்குள் என்றால் ஆட்டோக் காசு. யாரோ சொன்னார்கள் என்று கொழும்புக்குப் போனால் ஏறத்தாழ 260 கிலோமீற்றர், இரவு பஸ்ஸில் கால் தொங்கவிட்டுக்கொண்டு போய்வந்த களைப்பில், கிடைத்த சுகமும் வழியில் ஹபரணையோடு கரைந்துவிடும். அந்தக் காசில் பாதியைக் கொடுத்து முன்பக்கம் அகன்ற, மிருதுவான ஒரு சோடி செருப்பு வாங்கலாம். நான் இதை மாமியிடம் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்தது, ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

இதுவரை சொன்னது சீனி வருத்தக் காலுக்கு. எல்லா நரம்பு வலிக்கும் இதே வரிசை பொருந்தாது. இரவில் பெருவிரலோடு பக்கத்து இரண்டு விரலும் விறைத்து, கையை உதறினால் சரியாகிற ஆட்களுக்கு மணிக்கட்டில் நரம்பு நெரிபட்டிருக்கலாம், இரவில் மணிக்கட்டை நேராக வைக்கிற பட்டி கட்டினாலே பலருக்குக் குறையும், முற்றினால் சின்னச் சத்திரசிகிச்சை. கன்னத்தில் மின்னல் வெட்டுகிற மாதிரி, பல் துலக்கினாலும் காற்றுப் பட்டாலும் வருகிற வலிக்கு முதல் மருந்தே வேறு, கார்பமசெப்பின். அக்கி வந்து ஆறிய இடத்தில் எரிவு நின்றால் அதற்கு மாமியின் குளிசைகளே சரிவரும். தோலில் நிறம் மங்கிய படையும் அதில் உணர்ச்சியில்லாமையும் கண்டால் ஊசியும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம், உடனே தோல் கிளினிக், ஏனென்றால் தொழுநோய் நம் நாட்டை விட்டு இன்னும் போகவில்லை, மருந்து இலவசம், பிந்தினால் நரம்பு திரும்பாது. இடுப்பிலிருந்து கால் வரை இழுக்கிற வலியோடு சலம் மலம் கட்டுப்பாடு போனால் அன்றைக்கே வைத்தியசாலை.

எங்கள் வீட்டில் இப்போது நிலைமை இதுதான். பி12 பார்க்க இரத்தம் கொடுத்தாயிற்று. கிளினிக்கில் டொக்டரிடம் குளிசையை ஐந்து நாளில் விட்ட கதையை மாமி தானே சொன்னார், அவர் சிரித்துவிட்டு, படுக்கப்போகும் நேரத்தில் போடாமல் இரண்டு மணித்தியாலம் முந்திப் போட்டால் காலைக் கலக்கம் குறையும் என்று சொல்லித் திரும்பத் தொடங்கி வைத்தார். ஒரு நைலோன் நூலால் பாதத்தில் பத்து இடத்தில் தொட்டுப் பார்த்தார்கள், நான்கு இடத்தில் மாமிக்குத் தொட்டதே தெரியவில்லை. அதைப் பார்த்த பிறகு பெரியப்பா ஒத்தடத்தைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார். காலண்டரில் ஒவ்வொரு நாளும் காலையில் எழும்பியதும் பத்துக்கு எத்தனை என்று மாமி எழுதுகிறார், முதல் நாள் 8, நேற்று 6. எட்டுக் கிழமை முடிகிற திகதியில் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டிருக்கிறோம். அன்றைக்கும் ஐந்துக்கு மேலே நின்றால் இரண்டாவது குளிசையைச் சேர்க்கலாமா என்று டொக்டரிடம் கேட்பது, அதோடு சேர்த்து ஊசிக்கும் ஆறு தடவை போவது, ஆறிலும் ஒரு புள்ளிகூட இறங்காவிட்டால் நிறுத்துவது என்று பேசி வைத்திருக்கிறோம். உப்புவெளி அன்ரிக்கு மாமி போன் எடுத்து, "பொறு, எனக்கு இன்னும் திகதி வரேல்ல" என்று சொன்னதைக் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதி முடிக்கிறேன்.